தோட்டப்புறத்தில் வேதபாடக் குழு தொடங்குவோருக்கு: ஜூன் முதல் கிறிஸ்துமஸ் வரை ஒரு வழிகாட்டி

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள பெஸ்தாரி ஜெயாவிலும் அதைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலும் வீட்டு வேதபாடக் குழுக்களை நடத்திவரும் போதகனாக இதை எழுதுகிறேன். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாத இறுதியில், புதிதாக விசுவாசத்துக்கு வந்த இளைஞர்கள் யாராவது என்னிடம் வந்து, "பாஸ்டர், எங்கள் தோட்டத்திலும் கிறிஸ்துமஸுக்கு ஒரு குழு தொடங்கலாமா?" என்று கேட்பார்கள். கேட்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் நவம்பரில் தொடங்கும் குழு கேக்கும் கரோலும் முடிந்ததும் ஜனவரியில் கலைந்துவிடுவதைப் பலமுறை கண்டுவிட்டேன். கிறிஸ்து யார் என்று பொறுமையாகப் படித்த பிறகு அவருடைய பிறப்பைக் கொண்டாடும் குழுதான் அடுத்த ஆண்டும் கூடுகிறது. அதற்கு ஜூன் மாதத்திலேயே வேலையைத் தொடங்க வேண்டும். கடிதங்கள், அனுமதிகள், செலவு, நாள் குறித்தல் ஆகியவற்றில் நாங்கள் பட்ட சிரமம் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக, செய்ய வேண்டியவற்றை வரிசையாகத் தருகிறேன்.

1. யாருடைய பெயரில் தொடங்குகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

குழுவுக்குத் தனியாகப் பெயர் சூட்டி, தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பொறுப்பாளர்களை நியமித்துவிட வேண்டும் என்ற ஆசை பலருக்கு வரும். வேண்டாம். 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்படி 7 பேரோ அதற்கு மேலோ கொண்ட அமைப்பு சங்கமாகக் கருதப்படலாம். சங்கமென்றால் பதிவு, ஆண்டுக் கூட்டம், கணக்கறிக்கை என்று எல்லாம் பின்தொடரும். நீங்கள் சார்ந்திருக்கும் சபை மெதடிஸ்ட், லூத்தரன், ஆங்கிலிக்கன், பெந்தெகொஸ்தே என எதுவாக இருந்தாலும், அந்தச் சபையின் வீட்டுக் குழுவாகவே இதை நடத்துங்கள். சபையின் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டு, அதன் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளை யாராவது "நீங்கள் யார்?" என்று கேட்டால் காட்டுவதற்கு அந்த ஒரு தாள் போதும்.

குழுவின் பெயரில் வங்கிக் கணக்கும் தொடங்காதீர்கள். செலவெல்லாம் சபைக் கணக்கு வழியாகவே நடக்கட்டும்.

2. வீட்டைத் தேர்ந்தெடுங்கள்

பெரிய வீட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் பாய் விரித்து உட்காரும் கூடம் போதும். வீட்டில் இருக்கும் அனைவருக்கும், குறிப்பாக விசுவாசத்துக்கு வராத கணவருக்கோ மாமியாருக்கோ, இதில் மனமார்ந்த சம்மதம் இருக்கிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். பூசை அறை உள்ள வீடுகளும் நம்மை வரவேற்பதுண்டு. அங்கே கூடும்போது அந்த வீட்டாரின் வழிபாட்டைப் பற்றி ஒரு சொல்கூடக் குறைவாகப் பேசக்கூடாது.

தோட்டத்துக்கு வெளியே தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடாக இருந்து, குடியிருப்பவர் வாடகைக்கு இருந்தால், வீட்டு உரிமையாளரின் ஒப்புதலைக் கேட்டுப் பெறுங்கள். தொழிலாளர்களுக்கான லயத்து (வரிசை) வீடாக இருந்தால் அது தோட்ட நிறுவனத்தின் சொத்து. அதற்கு அடுத்த படி அவசியம்.

3. தோட்ட நிர்வாகத்துக்குக் கடிதம்

அதிகம் தாமதமாகும் படி இதுதான். கூட்டம் தொடங்கும் நாளுக்குக் குறைந்தது ஆறு வாரம் முன்னதாகக் கடிதம் அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

கடிதத்தைச் சபையின் முகவரித் தாளில், மலாய் மொழியில் எழுதுங்கள். அது நிர்வாகியிடமிருந்து தலைமையகம் வரை போகக்கூடும். வழியில் யாரும் மொழிபெயர்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். பெறுநர் இடத்தில் நிர்வாகியின் சொந்தப் பெயரை மட்டும் எழுதாமல் பதவியையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு தோட்டத்தில் எங்கள் கடிதம் மேசையில் இருந்தபோதே நிர்வாகி இடமாற்றம் பெற்றுப் போய்விட, புதியவர் வந்ததும் கடிதத்தைக் காணவில்லை என்றார்கள். எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: எந்த வீட்டில், எந்தக் கிழமையில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, ஏறத்தாழ எத்தனை பேர், வெளியிலிருந்து வருவோரின் வாகன எண்கள், பொறுப்பாளரின் தொலைபேசி எண், ஒலிபெருக்கி பயன்படுத்தப்படாது என்ற உறுதி, கூட்டம் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு மட்டுமே என்ற தெளிவான வரி. அடையாள அட்டை எண்களை அவர்கள் கேட்டாலொழிய நீங்களாகக் கொடுக்காதீர்கள். பிறருடைய விவரங்கள் ஊர் முழுவதும் சுற்றிவரக் கூடாது.

இரண்டு பிரதிகள் கொண்டுபோங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் அலுவலகக் கிராணியிடம் (எழுத்தரிடம்) தேதியோடு 'சாப்' (முத்திரை) குத்தி வாங்குங்கள். அந்த நீல மை பட்ட நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கூட்டம் நடக்கும் வீட்டிலேயே வைத்திருங்கள். வாசலில் இருக்கும் ஜாகா (காவலாளி) புதியவராக இருக்கும் இரவில் அதன் அருமை தெரியும். இரண்டு வாரம் பதில் வராவிட்டால் நேரில் சென்று பணிவோடு கேளுங்கள். வாய்மொழியாக "சரி, நடத்துங்கள்" என்று சொன்னால், அன்றே நன்றிக் கடிதம் ஒன்றை எழுதி, எந்த நாளில் யார் அனுமதித்தார் என்பதை அதில் குறிப்பிட்டுவிடுங்கள்.

காவல் நிலையத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 2012-ஆம் ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, முன்னறிவிப்புத் தேவைப்படாத கூட்டங்களில் சமயக் கூட்டத்தையும் சேர்த்திருக்கிறது. ஆகவே வாராந்தரக் குழுவுக்கு அனுமதி கேட்டு அலைய வேண்டியதில்லை. டிசம்பரில் இரவு நேரத்தில் பாடிக்கொண்டு தெருவில் போகும்போது மட்டும், மரியாதைக்காக நிலையத்துக்கு ஒரு தகவல் கடிதம் கொடுப்பதை நான் பழக்கமாக வைத்திருக்கிறேன்.

4. தாண்டக்கூடாத இரண்டு எல்லைகள்

முதலாவது: கூட்டரசு அரசியலமைப்பின் 11(4)-ஆம் விதி, முஸ்லிம்களிடையே பிற சமயங்களைப் பரப்புவதைக் கட்டுப்படுத்த மாநிலங்களுக்கு அதிகாரம் தருகிறது. சிலாங்கூரில் 1988-ஆம் ஆண்டிலிருந்தே அதற்கான சட்டம் இருக்கிறது. இன்றைய தோட்டங்களில் நம் அண்டை வீட்டார் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த முஸ்லிம் தொழிலாளர்கள். அவர்களோடு அன்பாகப் பழகுங்கள், பலகாரத்தைப் பகிருங்கள். வேதபாடத்துக்கு அழைக்காதீர்கள், துண்டுப் பிரசுரம் கொடுக்காதீர்கள். அழைப்பிதழிலும் புலனச் (வாட்ஸ்அப்) செய்தியிலும் "முஸ்லிம் அல்லாதவர்களுக்கு மட்டும்" என்ற வரி தவறாமல் இருக்கட்டும். செய்தியை வேறு குழுக்களுக்கு அனுப்ப வேண்டாம் என்றும் உறுப்பினர்களிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது: 18 வயது நிரம்பாத பிள்ளையின் சமயத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோதான் தீர்மானிக்க வேண்டும் என்று 12(4)-ஆம் விதி கூறுகிறது. பாட்டு நன்றாக இருக்கிறது, மைலோ கிடைக்கிறது என்று பக்கத்து வீட்டு இந்துப் பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். விரட்டாதீர்கள், ஆனால் அன்றிரவே பெற்றோரைச் சந்தித்து, என்ன நடக்கிறது என்று சொல்லி, எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். சட்டம் ஒருபுறமிருக்க, பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளையின் மனத்தில் எதையும் விதைப்பது நற்செய்திக்கே இழுக்கு என்பது என் உறுதியான எண்ணம்.

5. நாளையும் நேரத்தையும் குறியுங்கள்

தோட்டத்தின் கடிகாரம் வேறு. விடியும் முன் பெரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு) போகிறவர்கள் இரவு பத்து மணிக்கு மேல் விழித்திருக்க முடியாது. ஆகவே 7.45-க்குத் தொடங்கி 9 மணிக்குக் கலைந்துவிடுங்கள். ஒருவர் வரவில்லை என்று காத்திருந்தால், நேரத்துக்கு வந்தவர் அடுத்த வாரம் தாமதமாக வருவார்.

எந்தக் கிழமை? வெள்ளி மாலை கோயில் பூசை நாள்; குடும்பத்தில் பாதிப்பேர் இந்துக்களாக உள்ள வீடுகளில் அன்று கூடினால் வீண் மனக்கசப்பு வரும். சனி இரவு திருமணம், பிறந்தநாள் என்று ஆளுக்கு ஒரு பக்கம் போய்விடுவார்கள். எங்களுக்கு வியாழன் பொருந்தியது. ஒன்றைக் கவனியுங்கள்: வேலைவாய்ப்புச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் ஊதியம் கொடுக்கப்பட வேண்டும். ஆகவே மாதத் தொடக்கத்தில் சம்பளம் போட்ட மாலை பட்டணத்தில் சாமான் வாங்கும் மாலையாகிவிடும்; அந்த ஒரு நாளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை செம்பனைக் குலை அதிகம் வெட்டும் காலம், அக்டோபர், நவம்பரில் மாலை இடிமழைக் காலம். இந்த மாதங்களில் ஆட்கள் குறைந்தால் விசுவாசம் குறைந்துவிட்டதாக நினைத்து வருந்தாதீர்கள்.

6. புத்தகமும் செலவும்

எல்லோரும் ஒரே மொழிபெயர்ப்பை வைத்திருக்கட்டும். ஒருவர் பழைய மொழிபெயர்ப்பையும் மற்றொருவர் 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தையும் வைத்துக்கொண்டு மாறி மாறி வாசித்தால், புதியவர் எந்த வரியில் இருக்கிறோம் என்று தெரியாமல் திகைப்பார். சபையில் வாசிக்கப்படுவதையே குழுவிலும் வாசியுங்கள். பெட்டாலிங் ஜெயாவில் உள்ள மலேசிய வேதாகமச் சங்கத்திடம் சபையின் வழியாக மொத்தமாகக் கேளுங்கள். முதியவர்களுக்குப் பெரிய எழுத்துப் பதிப்பு இருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள்.

தமிழ் பேசுவார்கள், ஆனால் வாசிக்கத் தடுமாறுவார்கள் என்ற நிலையில் நம் இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களைக் கூட்டத்தில் உரக்க வாசிக்கச் சொல்லி வெட்கப்படுத்தாதீர்கள். ஒலி வேதாகமத்தைக் கைப்பேசியில் கேட்டுவிட்டு வரச் சொல்லலாம், ஆங்கிலப் பிரதியைக் கையில் வைத்துக்கொள்ள விடலாம். மலாய்ப் பிரதி வேண்டும் என்பவர் கவனமாக இருக்க வேண்டும்: தீபகற்பத்தில் அதன் அட்டையில் சிலுவைக் குறியும் 'கிறிஸ்தவ வெளியீடு' என்ற சொற்களும் இருக்க வேண்டும் என்பது 2011 ஏப்ரலில் அரசு அறிவித்த பத்து அம்சத் தீர்வின் நிபந்தனை. அதைத் தம் சொந்த வாசிப்புக்கு வைத்துக்கொள்ளட்டும், பொது இடத்தில் விட்டுவிட்டுப் போக வேண்டாம்.

மற்றச் செலவு மிகக் குறைவு. தேநீரும் பிஸ்கட்டும் பத்து, பதினைந்து ரிங்கிட்டில் முடியும். வீட்டார் சமைத்துப் போட வேண்டும் என்ற வழக்கத்தை முதல் வாரமே தடுத்துவிடுங்கள். ஒரு வீட்டில் மீகூன் வைத்தால் அடுத்த வீட்டில் பிரியாணி வைப்பார்கள், அதற்கடுத்த வீடு கூட்டத்தையே ஏற்கத் தயங்கும். வீட்டுக் கூட்டத்தில் காணிக்கைத் தட்டு வேண்டாம். கூட்டுப் பணம் (சீட்டு) பிடிப்பது, நேரடி விற்பனைப் பொருள்களை அறிமுகப்படுத்துவது, கடன் கேட்பது ஆகிய மூன்றும் குழுவுக்குள் வரக்கூடாது என்பதை முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள். வாக்குவாதமே இல்லாமல் குழுக்கள் உடைந்துபோவதற்கு இந்த மூன்றும்தான் பெரும்பாலும் காரணமாக இருக்கின்றன.

7. ஆகஸ்டு முதல் நவம்பர் வரை: மாற்கு 16 அதிகாரங்கள்

மாற்கு சுவிசேஷத்தில் 16 அதிகாரங்கள். 2026-ஐ எடுத்துக்கொண்டால், ஆகஸ்டு 6 வியாழனன்று தொடங்கி, வாரம் ஓர் அதிகாரமாக, தீபாவளிக்கு ஒரு வாரம் விடுமுறை விட்டாலும் நவம்பர் 26-இல் முடித்துவிடலாம். அதற்கடுத்த ஞாயிறே, கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் வருகைக்காலத்தின் முதல் ஞாயிறு. மாற்கு பிறப்புச் செய்தியைச் சொல்வதில்லை. யோவான் ஸ்நானகனோடு தொடங்கி நேராகச் சிலுவையை நோக்கிப் போகிறது. நான் இதை முதலில் வைப்பதற்குக் காரணமே அதுதான்.

முறை எளிது. ஒரு பாடல், சிறு ஜெபம். பிறகு பகுதியை இருமுறை வாசியுங்கள், இரண்டு குரல்களில். இங்கே என்ன நடக்கிறது, இயேசுவைப் பற்றி என்ன தெரிகிறது, இந்த வாரம் நான் எதைச் செய்ய வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கு மட்டும் இடங்கொடுங்கள். நடத்துபவர் தொடர்ந்து பிரசங்கம் செய்யத் தொடங்கிவிடுவதுதான் இங்குள்ள பெரிய கண்ணி. ஒருவர் பதில் சொல்லத் தயங்கினால் காத்திருங்கள். நாள் முழுவதும் குலை வெட்டிவிட்டு வந்த ஒரு பெரியவர், செம்பனை முள் ஏறித் தழும்பான விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு, விதைக்கிறவனைப் பற்றிய நான்காம் அதிகாரத்தை எழுத்துக் கூட்டி வாசித்தார். முடித்ததும், "முளைத்தது எல்லாம் அவன் கையில் இல்லை, ஆனாலும் விதைக்கிறான்" என்று மெதுவாகச் சொன்னார். அந்த ஒரு வரியைக் கேட்ட பிறகு என் குறிப்புகளை நான் எடுக்கவே இல்லை.

ஐந்தாம் அதிகாரத்தில், 12 ஆண்டுகள் நோயால் வருந்தி, தனக்கு உண்டானதையெல்லாம் வைத்தியர்களிடம் செலவழித்த பெண்ணைப் பற்றி வாசிக்கும் இரவுக்கு ஆயத்தமாக இருங்கள். சர்க்கரை நோயும் சிறுநீரகச் சுத்திகரிப்பும் இல்லாத வீடு நம்மிடையே குறைவு, கண்ணீர் வரும். அவர்களோடு ஜெபியுங்கள். மருந்தை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் குழுவில் யாருக்கும் இல்லை என்பதையும் அன்றே தெளிவாகச் சொல்லுங்கள். கிளினிக்குக்கு அழைத்துச் செல்ல மோட்டார் வைத்திருக்கும் தம்பி ஒருவரை ஏற்பாடு செய்வதும் அந்த அதிகாரத்துக்குக் கீழ்ப்படிவதுதான்.

கடைசி அதிகாரத்தில், பழமையான கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் 16:8-உடன் சுவிசேஷம் முடிந்துவிடுகிறதே என்று இணையத்தில் படித்த இளைஞர் கேட்பார். உண்மைதான் என்று அமைதியாகச் சொல்லுங்கள். வெறுமையான கல்லறையும், அவர் உயிர்த்தெழுந்தார் என்ற அறிவிப்பும் அந்த எட்டு வசனங்களுக்குள்ளேயே இருப்பதைக் காட்டுங்கள்.

8. வருகைக்காலத்து வாரங்கள்

வருகைக்காலம் கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்காம் ஞாயிறன்று தொடங்குகிறது. நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் அந்த ஞாயிறு வரும். 2026-இல் நவம்பர் 29, 2027-இல் நவம்பர் 28. முதல் வியாழன் ஏசாயா 9:1–7-உம் மீகா 5:2-உம். இரண்டாவது வியாழன் மத்தேயு 1:18–25-உம் லூக்கா 1:26–56-உம். மூன்றாவது வியாழன் லூக்கா 2:1–20. லூக்காவில் 24 அதிகாரங்கள் இருப்பதால், டிசம்பர் 1 முதல் 24 வரை நாளுக்கு ஓர் அதிகாரத்தை ஒவ்வொருவரும் வீட்டில் வாசிக்கலாம்.

மூன்றாவது வாரத்துக்கு நேரத்தைச் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் நாடகங்களில் பார்த்துப் பழகியதை ஒதுக்கிவிட்டு, வசனத்தில் இருப்பதை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். மேய்ப்பர்கள் வந்து காண்பது முன்னணையில் (மாட்டுத் தீவனத் தொட்டியில்) கிடத்தப்பட்ட பிள்ளையை. நட்சத்திரத்தைக் கண்டு கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் லூக்காவில் இல்லை. மத்தேயுவில் வரும் அவர்கள் மூன்று பேர் என்று சொல்லப்படவும் இல்லை, அவர்கள் நுழைவது ஒரு வீட்டுக்குள். அரசன் இட்ட குடிமதிப்புக் கட்டளையால் நிறைமாதக் கர்ப்பிணி தன் ஊரை விட்டுப் பயணப்படுகிறாள், தங்க இடம் கிடைக்கவில்லை. தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டு லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியிருந்ததில்லை. அவர்கள்தான் எனக்கு விளக்கினார்கள். முதல் செய்தி இரவில் மந்தையைக் காவல் காத்தவர்களுக்கு வந்தது என்பதையும் இரவுக் காவலுக்குப் போகும் நம் ஆட்கள் தவறவிடுவதில்லை. நாடகம் போட விரும்பினால் இந்தப் படிப்புக்குப் பிறகு போடுங்கள். உடைக்குப் பணம் செலவழிக்காமல் வேட்டியும் துண்டும் போதும்.

9. விடுமுறையை முன்கூட்டியே கேளுங்கள்

இதில் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். கிறிஸ்துமஸ் நாடு முழுவதற்கும் பொது விடுமுறைதான். ஆனால் வேலைவாய்ப்புச் சட்டம் உறுதியளிக்கும் 11 ஊதிய விடுமுறைகளில் கட்டாயமானவை ஐந்து: தேசிய தினம், பேரரசரின் பிறந்தநாள், மாநில ஆட்சியாளரின் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசிய தினம். மீதி ஆறையும் முதலாளி குறித்து, ஆண்டு தொடங்கும் முன் வேலையிடத்தில் அறிவிப்பாக ஒட்ட வேண்டும். அந்தத் தாளில் டிசம்பர் 25 இருக்கிறதா என்று ஜனவரியிலேயே பாருங்கள். இல்லையென்றால் ஆண்டு விடுப்பை ஒதுக்கி வையுங்கள். பெரிய வெள்ளி சபாவிலும் சரவாக்கிலும் மட்டுமே பொது விடுமுறை. சிலாங்கூரில் அதற்கும் விடுப்பு எடுக்கத்தான் வேண்டும். இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 8 நாள் விடுப்பு. இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 12, அதற்குமேல் 16. எட்டு நாள் உள்ளவர் இரண்டை இதற்காக வைத்துக்கொள்வது நல்லது.

கரோலுக்குப் போகும் வீடுகளின் பட்டியலை டிசம்பர் முதல் வாரத்திலேயே எழுதுங்கள். கிறிஸ்தவர் வீடுகள், தாமாக அழைத்த வீடுகள் என்பவை மட்டும். துக்க வீடு, கைக்குழந்தை உள்ள வீடு, காலை வேலைக்குப் போகிறவர் வீடு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு அவற்றை முதலில் முடியுங்கள். கித்தார் போதும், ஒலிபெருக்கி வேண்டாம். இரவு பத்து மணிக்குள் நிறுத்துங்கள்.

10. ஜனவரி முதல் வியாழன்

குழுவைத் தொடர்வதா என்று கேட்டுக் கூட்டம் போடாதீர்கள். வழக்கமான நேரத்தில் கூடிவிடுங்கள். சாஸ்திரிகள் வந்ததை நினைவுகூரும் ஜனவரி 6-ஐ ஒட்டி வருவதால் மத்தேயு 2-ஐ வாசிக்கலாம். அன்றே மூன்று வேலைகளை முடியுங்கள்: நிர்வாகத்துக்கு நன்றிக் கடிதமும் அடுத்த ஆண்டுக்கான அனுமதி விண்ணப்பமும், வரவுசெலவுக் குறிப்பைச் சபைப் பொருளாளரிடம் ஒப்படைத்தல், டிசம்பரில் முதன்முறையாக வந்தவர்களின் பெயரை எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் ஒருவரைப் பொறுப்பாக நியமித்தல். அவர்களில் ஞானஸ்நானம் கேட்பவர்களை அவசரப்படுத்தாமல் போதகரிடம் அழைத்துச் செல்லுங்கள். 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோரின் எழுத்து ஒப்புதலையும் உடன் கொண்டுபோங்கள்.